ஆறாம் நம்பர் மலையில் கத்திச் சத்தம்

அத்தியாயம் 7

"மணி அஞ்சே முக்கால் மிஸ். இந்தப் பேய் நம்ம டிப்போ பஸ்ஸ விட நேரத்துக்கு வருதுன்னு சொல்றாங்க. அது மட்டும் உண்மைன்னா, பேயா இருந்தாலும் நான் சலாம் வைக்கிறேன்."

ஜெறோம் தைரியசாலி என்பதால் இப்படிப் பேசவில்லை. வாய் ஓடிக்கொண்டிருந்தால் பல் அடிப்பது வெளியே கேட்காது. வயது அறுபத்தொன்று. கரவனெல்லயில் முச்சக்கரவண்டி ஓட்டுகிறவர். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவரை விட்டது, அவரும் அதை விட்டார். அதற்குப் பிறகு அவர் படித்ததெல்லாம் மனிதர்களின் முகத்தைத்தான். அதில் முக்கால்வாசி பொய் என்பது அவருடைய முடிவு.

"மெல்லப் பேசுங்க ஜெறோம் அண்ணே" என்றாள் கிருஷ்ணகுமாரி. "பேய்க்குக் காது கேக்கும்."

பதினோரு வருஷம் பொலிசில் இருந்தவள் அவள். மேலதிகாரி எழுதச் சொன்ன ஒரு பொய் வாக்குமூலத்தை எழுத மாட்டேன் என்று தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வந்தவள். இப்போது லோயர்மாருக்கு விசாரித்துக் கொடுக்கிறாள். ஜெறோம் முழுசாக நம்புகிற ஆட்கள் உலகத்தில் ஒன்றரைப் பேர். அவள் ஒன்று. மாதா கோயில் பாதர் அரை.

அந்த விடியற்காலையில் இரண்டு பேரும் நீலஹேன தோட்டத்தில், ஆறாம் நம்பர் மலையில், ஒரு புதருக்குப் பின்னால் குந்தியிருந்தார்கள். சுற்றிலும் ரப்பர் மரங்கள். வரிசை வரிசையாக, ஒரே பக்கம் சாய்ந்து, எதையோ ஒட்டுக் கேட்பது மாதிரி நின்றன. ஒவ்வொரு மரத்தின் இடுப்பிலும் ரப்பர் பால் பிடிக்கக் கம்பியில் கட்டிய ஒரு சிரட்டை. பனி மூட்டம் மரங்களுக்கு நடுவில் புகுந்து புகுந்து வெளியே வந்தது. காலில் அட்டை ஏறியது. தட்டிவிடக்கூட ஜெறோமுக்குக் கை எழவில்லை.

விஷயம் இதுதான். பதினெட்டு நாளைக்கு முன்னால், ஆகஸ்ட் இருபத்தேழாம் தேதி காலை, மதுசன் என்ற பால்வெட்டுக்காரன் இந்த மலையில் இருக்கிற பாறைக்கு அடியில் மண்டை உடைந்து செத்துக் கிடந்தான். தோட்டக் கம்பனி ஒரு கதை சொன்னது. ஆறாம் நம்பர் மலையை ஆகஸ்ட் ஒண்ணாம் தேதியே மூடிவிட்டோம், அங்கே யாருக்கும் வேலை இல்லை, அவன் பால் திருடப் போனான், ஏழுக்குக் கால் மணி இருக்கும்போது பால் நிறைந்த வாளியோடு ஓடினான், காவலுக்கு இருந்தவர்கள் துரத்தினார்கள், பாறையில் சறுக்கி விழுந்தான். அன்றன்றைக்கு வேலைக்கு வந்தவர்களைப் பதிகிற பெரட்டுப் புத்தகத்திலும் ஆகஸ்ட் மாதம் மதுசனுக்கு ஒரு நாள் பேர்கூட விழவில்லை.

அந்தக் காவல்காரர்கள் யாருடைய ஆட்கள் என்று மதுசன் பெண்சாதியின் லோயர் கடிதம் போட்டார். எங்கள் ஆட்கள் இல்லை, செகுரிட்டி கம்பனி ஆட்கள் என்றது தோட்டம். எங்கள் ஆட்கள் இல்லை, ஒரு ஏஜென்ட் நாள் கூலிக்குப் பிடித்துத் தந்த ஆட்கள் என்றது செகுரிட்டி கம்பனி. ஏஜென்ட் போனை எடுக்கவில்லை.

"செத்தவனத் தவிர எல்லாருக்கும் கை கழுவ ஒரு ஆள் இருக்கு" என்று அன்றைக்கே சொன்னார் ஜெறோம்.

நாளைக் காலை மரண விசாரணைக்காக நீதவான் இந்த மலைக்கே வந்து பார்க்கப் போகிறார். திருடன், தானாக விழுந்தான் என்று அவர் எழுதிவிட்டால் எல்லாம் முடிந்தது. மதுசனின் பெண்சாதி துஷ்யந்திக்கு நட்டஈடு இல்லை. தோட்டம் குடியிருக்கத் தந்த லயத்துக் காம்பராவையும் விட வேண்டும். மூன்று வயசுப் பிள்ளை சாகும்வரைக்கும் திருடன் மகள்.

இதற்கிடையில்தான் இந்தப் பேய். மதுசனை அடக்கம் செய்த மறுநாளிலிருந்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள், விடிகிற நேரத்தில் மூடிய மலைக்குள் கத்திச் சத்தம். வெளிச்சம் வந்த பிறகு பார்த்தால் அவன் வெட்டிய மரங்களில் புது வெட்டு, சிரட்டையில் புதுப் பால். செத்தவன் வந்து பால் வெட்டுகிறான் என்று தோட்டம் முழுக்கப் பேச்சு. மலை அடிவாரத்தில் யாரோ வெற்றிலையும் சுருட்டும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். வெள்ளாடுகூட அந்தப் பக்கம் மேயப் போவதில்லை.

"மிஸ், நான் ஒண்ணு கேக்கிறேன். செத்தும் வேலைக்கு வாறவன..."

சரக்.

ஜெறோமின் வாய் அப்படியே நின்றது.

சரக்... சரக்... ஈரப் பட்டையைக் கத்தி சீவுகிற சத்தம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. காய்ந்த இலையில் காலடி. மறுபடி, இன்னும் கிட்டத்தில், சரக்.

பனிக்குள் ஒரு உருவம் வந்தது. தலையில் வெள்ளைத் துணி. ஆம்பிளைச் சட்டை, முழங்கை வரைக்கும் மடித்து விட்டது. முகம் இருக்க வேண்டிய இடம் இருட்டாக இருந்தது. ஒரு மரத்தைக் கட்டிப்பிடிக்கிற மாதிரி குனிந்தது, இழுத்தது, நிமிர்ந்தது. வெட்டின கோட்டில் வெள்ளையாக ஒரு துளி புறப்பட்டு மெல்ல இறங்கியது.

ஜெறோம் சிலுவை போட்டுக்கொண்டார். போதாது என்று இன்னொரு தரமும் போட்டார்.

கிருஷ்ணகுமாரி எழும்பினாள்.

"மிஸ், பேயப் பிடிக்க உங்களுக்கு அதிகாரமில்ல. நீங்க பொலிச விட்டுட்டீங்க."

"கண்ணு முன்னால பெரிய குத்தம் நடந்தா யாரும் பிடிக்கலாம் அண்ணே. பிடிச்ச உடனே பொலிசுல குடுத்துடணும். அவ்வளவுதான் சட்டம். கம்பனி காவல்காரனுக்கும் அதுக்கு மேல ஒரு நூல்கூட அதிகாரம் கெடையாது. அடிக்கிறதுக்கு அறவே கெடையாது."

"பேய எந்தப் பொலிசு பாரமெடுக்கும்?"

அவள் உருவத்தைப் பார்த்து நடந்தாள். தனியாக இருப்பதைவிடப் பேயின் பக்கத்தில் இருப்பது மேல் என்று ஜெறோமும் பின்னால் ஓடினார்.

உருவம் திரும்பியது. கத்தி கையில் அப்படியே நின்றது. வெள்ளைத் துணி நழுவியது.

துஷ்யந்தி.

"ஐயோ அம்மாளே" என்றார் ஜெறோம். "நம்ம கட்சிக்காரியே பேயா?"

அவள் போட்டிருந்தது மதுசனின் சட்டை. ஓடப் பார்க்கவில்லை. கத்தியைப் பின்னால் மறைத்துக்கொண்டு, பிடிபட்ட பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நின்றாள்.

"நேத்து காம்பராவில உக்காந்து ரெண்டு மணி நேரம் பேசினோமே" என்றாள் கிருஷ்ணகுமாரி. "இத ஏன் சொல்லல?"

"சொன்னா பேர வெட்டிருவாங்க மிஸ்."

"யார் பேர?"

"அவரு பேர. மரத்தக் காயப் போட்டா பேரு வெட்டுப்படும், பேரு வெட்டுப்பட்டா காம்பராவும் போகும். அவரு எடத்துல நான் வெட்டிக்கிட்டிருந்தா, பொறவு அந்தப் பேர என் பேருக்கு மாத்தித் தரலாம். யாருக்கும் தெரியக் கூடாது. தலையில துணியப் போட்டுக்கிட்டு விடியிறதுக்குள்ள போ. கணக்கப்புள்ள ஐயாதான் சொன்னாரு."

"கணக்கப்பிள்ளை இராமசாமியா?"

"ஆமாங்க. செத்த வீட்டுக்கு வந்தன்னைக்கே சொன்னாரு. பாலையும் அவரே ஆள் அனுப்பி எடுத்துக்கிட்டுப் போறாரு."

மலை வேலையை மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளை இராமசாமியை ஜெறோமுக்குத் தெரியும். கையில் ஐந்து விரலோடு பிறந்தாலும் ஆறாவது விரல் எப்போதும் அடுத்தவன் பையில் இருக்கிற ஆள். இரக்கப்பட்டு அவர் ஒரு வேலை செய்தார் என்றால் எங்கோ ஒரு குழி வெட்டியாகிவிட்டது என்று அர்த்தம்.

கிருஷ்ணகுமாரி மரத்தின் முன்னால் குந்தினாள். டோர்ச்சை அடித்துப் பட்டையைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகம் வேறு மாதிரி ஆனது.

"ஜெறோம் அண்ணே, இந்த வெள்ளைப் பொட்டப் பாருங்க."

வெட்டுக்கு மேலே மரத்தில் சின்னதாக ஒரு பெயின்ட் பொட்டு இருந்தது. அதற்கு மேலே இன்னொன்று. அதற்கும் மேலே இன்னொன்று.

"மாசம் ஒண்ணாந் தேதி கணக்கப்பிள்ளை ஒவ்வொரு மரத்திலயும் வெட்டு நிக்கிற எடத்துல பொட்டு வைக்கணும். பட்டைய அளவுக்கு மேல சீவுறாங்களான்னு பாக்கிறதுக்கு. ஒவ்வொரு வெட்டுக்கும் பட்டை அரை நூல் எறங்கும். ஒரு மாசத்துக்கு ஒரு விரல் அகலம். ஜூன் பொட்டுக்கும் ஜூலை பொட்டுக்கும் நடுவுல பாருங்க, ஒரு விரல். ஜூலைக்கும் ஆகஸ்டுக்கும் ஒரு விரல். ஆகஸ்ட் பொட்டுதான் கடைசி. இதுக்குக் கீழ எவ்வளவு இருக்கு?"

ஜெறோம் விரலை வைத்துப் பார்த்தார். "ஒண்ணரை."

"ஆகஸ்ட் ஒண்ணுல மலைய மூடினது உண்மைன்னா இதுக்குக் கீழ ஒண்ணுமே இருக்கக் கூடாது. மதுசன் ஆகஸ்ட் முழுக்க வேலை செஞ்சிருந்தா ஒரு விரல் இருக்கணும். அந்த ஒரு விரலத்தான் நான் நாளைக்கு நீதவானுக்குக் காட்ட நெனச்சேன். புத்தகத்த மாத்தி எழுதிட்டாங்க. மரத்த மாத்தி எழுத முடியாதுன்னு நெனச்சேன்." அவள் எழும்பி துஷ்யந்தியைப் பார்த்தாள். குரலை இறக்கினாள். "இப்ப இதுல எது அவர் வெட்டினது, எது நீங்க வெட்டினது? கம்பனி லோயர் எந்திரிச்சு, 'எல்லாமே அவன் செத்த பொறகு திருட்டுத்தனமா வெட்டினதுதான்'னு சொல்லுவார். நாம என்ன சொல்றது?"

துஷ்யந்திக்கு மெதுவாகத்தான் புரிந்தது. புரிந்ததும் கையில் இருந்த கத்தியை ஏதோ பாம்பைப் பிடித்திருந்தவள் மாதிரிப் பார்த்தாள்.

"நானே அழிச்சிட்டேனா மிஸ்?"

கிருஷ்ணகுமாரி டோர்ச்சை அணைத்தாள். மரங்களில் பால் சொட்டுகிற சத்தம் கேட்டது. அத்தனை மரமும் சேர்ந்து அழுவது மாதிரி ஜெறோமுக்குத் தோன்றியது. அவருக்கு அழுகை பிடிக்காது. அது வந்தால் கோபப்படுவார்.

"புருஷனக் கொன்னுட்டு, அதுக்குச் சாட்சியப் பொண்டாட்டி கையாலயே சீவச் சொல்லிருக்கானுங்க" என்றார். "இவனுகளுக்குப் பேய் எதுக்கு மிஸ்? பேய் இவனுகளப் பாத்தா பூச்சி மருந்து குடிச்சிரும்."

கிருஷ்ணகுமாரி யோசித்துக்கொண்டிருந்தாள்.

"அவருக்கு இந்த மலையில எத்தன மரம்?"

"முன்னூறு மிஸ்."

"நீங்க எத்தன வெட்டுறீங்க?"

துஷ்யந்தி தலையைக் குனிந்தாள். "இருநூத்தி அறுவது. பாறைக்கு அந்தப் பக்கம் நாப்பது மரம் இருக்கு. நான் போறதில்ல. அவர் கெடந்த எடத்தத் தாண்டித்தான் போகணும். கணக்கப்புள்ள ஐயா கேட்டப்போ முன்னூறும் வெட்டினேன்னு பொய் சொல்லிட்டேன். கால் வரமாட்டேங்குது மிஸ்."

கிருஷ்ணகுமாரி ஜெறோமைப் பார்த்தாள். ஜெறோம் ஏற்கெனவே நடக்க ஆரம்பித்திருந்தார்.

பாறை ஒரு வீடு அளவுக்கு இருந்தது. அதன் அடியில் யாரோ வைத்த மெழுகுதிரி உருகிக் கிடந்தது. பாறையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனதும் ஜெறோம் மூக்கைச் சுளித்தார். இங்கே பால் வாசம் இல்லை. பழைய, புளித்த வாசம். சிரட்டைகளில் பதினெட்டு நாள் பழைய பால் மழைத் தண்ணியோடு கட்டிபட்டுக் கறுத்துக் கிடந்தது. வெட்டின கோட்டில் காய்ந்த ஒட்டுப்பால் வடு மாதிரி ஒட்டியிருந்தது. அந்த நாப்பது மரத்துக்கும் இன்னும் ஆகஸ்ட் இருபத்தேழு.

கிருஷ்ணகுமாரி முதல் மரத்தில் விரலை வைத்தாள். ஆகஸ்ட் பொட்டுக்குக் கீழே சரியாக ஒரு விரல். இரண்டாவது மரம், ஒரு விரல். பத்தாவது மரம், ஒரு விரல்.

"மாசம் பூரா வெட்டிருக்கான்" என்றார் ஜெறோம். "ஆனா மிஸ், மாசம் பூரா திருடினான்னு சொல்லுவானுங்களே?"

"சொல்லட்டும். முன்னூறு மரம், ஒரு நாள் விட்டு ஒரு நாள், பகல் வெளிச்சத்துல நாலு மணி நேர வேலை. கணக்கப்பிள்ளை தெனம் சுத்தி வாற மலையில எப்படிக் காணாம இருந்தாங்கன்னு கேப்போம்."

நாலாவது வரிசையில் அவள் நின்றாள்.

அந்த மரத்தில், வெட்டுவதற்கு முன்னால் செய்கிற மாதிரி, பழைய ஒட்டுப்பால் உரிக்கப்பட்டிருந்தது. புது வெட்டு மேல் பக்கத்தில் சுத்தமாகத் தொடங்கி, சரிவாக இறங்கி, பாதியில் நின்றது. மிச்சப் பாதியில் பட்டை தொடப்படாமல் இருந்தது. வெட்டு நின்ற இடத்தில் சீவல் ஒன்று அறுபடாமல் சுருண்டு, காய்ந்து தொங்கியது. அதற்கு அடுத்த மரத்திலும், அதற்கடுத்ததிலும் பழைய ஒட்டுப்பாலே உரிபடவில்லை.

ஜெறோம் சிலுவை போட்டுக்கொண்டார். இந்தத் தரம் பயத்தில் இல்லை.

அப்போதுதான் பாறைக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் வந்தது. "அம்புட்டுக்கிட்டா! திருடி அம்புட்டுக்கிட்டா!"

ஓடிப் போய்ப் பார்த்தபோது கணக்கப்பிள்ளை இராமசாமி அரைக்கால் சட்டையும் குடையுமாக நின்றார். கூடவே காக்கி உடுப்பில் ஒரு காவல்காரன். முப்பது வயது இருக்கும். கண்ணைச் சுற்றிக் கறுத்து, வாரக்கணக்கில் தூங்காத முகம். நெஞ்சில் ஸமீம் என்று பேர்ப் பட்டி. மதுசன் விழுந்ததைப் பற்றிய செகுரிட்டி அறிக்கையில் பேர் இருந்த இரண்டு காவல்காரர்களில் ஒருவன். அவன் துஷ்யந்தியின் சட்டையையே பார்த்துக்கொண்டு நின்றான். அவளைத் தொடவில்லை.

"மூடின மலையில பால் வெட்டுறா. கையும் கத்தியுமாப் பிடிச்சாச்சு" என்றார் இராமசாமி. கிருஷ்ணகுமாரியைக் கண்டதும் குடையைத் தாழ்த்தினார். "நீங்க யாரு?"

"லோயர் அனுப்பின ஆள். விசாரணைக்கு மொத நாள் பொண்டாட்டியையும் திருடியாக்கினா நாளைக்கு வேலை சுலபம். நல்ல ஏற்பாடுங்க."

"ஐயா, நீங்கதானே வெட்டச் சொன்னீங்க!" என்றாள் துஷ்யந்தி.

"நான் எப்ப சொன்னேன்? யார் சாட்சி?"

"அத விடுங்க" என்றாள் கிருஷ்ணகுமாரி. "நான் தோட்டத்துல பொறக்காதவ, தெரியாமக் கேக்கிறேன். காலையில வெட்டினா சிரட்டை நெறைய எவ்வளவு நேரமாகும்?"

"மூணு மணி நேரமாகும்" என்றார் இராமசாமி, தன்னையறியாமல்.

"அப்ப ஏழுக்குக் கால் மணி இருக்கிறப்போ அவன் கையில வாளி நெறைய பால் எப்படி வந்திச்சு? மாட்டுல கறந்தானா?"

ஜெறோம் அவளைப் பெருமையோடு பார்த்தார். அந்த மாட்டுப் பகிடி தன்னுடைய வாயில் வந்திருக்க வேண்டியது.

இராமசாமியின் முகம் சுருங்கியது. பிறகு மூடிக்கொண்டது. "அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. எழுதினது செகுரிட்டிக்காரன். வெளியூர் ஆளு, ரப்பரப் பத்தி அவனுக்கு என்ன தெரியும்? தோட்டத்துக்கு ஒரு பொறுப்பும் இல்ல, எழுத்துல இருக்கு. அடிச்சவன் உள்ள போகட்டும். நாங்க ஏன் பதில் சொல்லணும்?"

ஸமீம் தலையைத் திருப்பினான்.

"அடிச்சவனா?" என்றாள் கிருஷ்ணகுமாரி மெதுவாக. "அறிக்கையில சறுக்கி விழுந்தான்னுதானே இருக்கு கணக்கப்பிள்ளை? அடிச்சாங்கன்னு யாருமே சொல்லலியே."

இராமசாமி குடையை விரித்தார். மழை இல்லை. மறுபடி மூடினார்.

"என்னய உள்ள அனுப்பிட்டு நீங்க வெளிய நிப்பீங்களா ஐயா?" ஸமீம் தன் ஊர்ப் பேச்சில் கேட்டான். "பாஸ் இல்லாம மலைக்குள்ள நிக்கிற எல்லாரும் கள்ளன், ஆளப் பாக்காம அடிங்கன்னு எங்களுக்குச் சென்னது யாரு? அப்ப நாங்க வந்து மூணு நாள்தான். எங்களுக்கு யாரைத் தெரியும்?"

"வாயப் பொத்துடா. நீ தோட்டத்து ஆள் இல்ல. உனக்குக் கம்பனி லோயர் வர மாட்டாரு."

"அப்ப நான் ஏன் கம்பனிக்காகப் பொய் செல்லணும்?"

அவன் தொப்பியைக் கழற்றினான். துஷ்யந்தியின் பக்கம் திரும்பினான், ஆனால் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டையோடுதான் பேசினான்.

"அந்தப் பக்கம் நாலாவது வரிசையில ஒரு மரம் இருக்கு. அதத்தான் வெட்டிக்கொண்டிருந்தார். நாங்க வாடான்னு கூப்பிட்டோம். அவர் மரத்துல இருந்து கத்திய எடுக்கல்ல. திரும்பிப் பாத்து, 'இந்த ஒரு மரத்த முடிச்சிட்டு வாறேன் தம்பி'ன்னு சென்னார். பாதியில விட்டா மரத்துக்குக் கூடாதாம். நான்தான் கையப் பிடிச்சேன். மத்தாள் பொல்லுத் தடியால அடிச்சான். அவர் ஓடினார். பாறையில வெச்சு இன்னொரு அடி விழுந்திச்சு. வாளியும் பாலும் பொறகுதான் வந்திச்சு, இந்தக் கணக்கப்புள்ளதான் கொண்டு வந்து வெச்சார்."

கிருஷ்ணகுமாரியும் ஜெறோமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாதி வெட்டின மரத்தைப் பற்றி அவர்கள் யாரிடமும் சொல்லவில்லை.

"விடியிற நேரம் காவல் கொட்டிலுக்குக் கத்திச் சத்தம் கேக்கும்" என்றான் ஸமீம். "அவர் அந்த மரத்த முடிக்கத்தான் வாரார்னு நெனச்சேன். இத்தன நாளும் காதுக்குள்ள துணிய அடைச்சுக்கொண்டு கெடந்தேன். இன்னிக்கு இந்தச் சட்டையக் கண்டவுடன..."

அவன் தொப்பியில் முகத்தைப் புதைத்து அழுதான்.

இராமசாமி மலையை விட்டு இறங்கிக்கொண்டிருந்தார். போனை எடுத்துக் காதில் வைத்திருந்தார்.

ஜெறோம் ஸமீமின் முன்னால் போய் நின்றார். அழுகிறவனை நம்புகிற வழக்கம் அவருக்கு இல்லை. "நாளைக்கு நீதவானுக்கு முன்னாலயும் இந்த வாய் இருக்குமா? இல்ல, வேற வாய் மாட்டிக்கிட்டு வருவியா?"

"இப்பவே கூட்டிக்கொண்டு போங்க நானா" என்று ஜெறோமை அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டான். "நான் பிடிச்ச கையையும் சேத்துச் செல்றேன். நாளைக்கு வரைக்கும் இங்க நின்டா என்னய தூரத்துல எம்பிலிப்பிட்டியவுக்கு வேலைக்கு ஏத்திருவாங்க. நீங்க தேடியும் கிடைக்க மாட்டேன்."

இது உண்மை என்று ஜெறோமுக்குப் பட்டது. பயம் பேசினால் அதில் பொய் கலக்க நேரம் இருக்காது.

"பொலிசுக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க அண்ணே, லோயருக்கும் போனப் போடுங்க" என்றாள் கிருஷ்ணகுமாரி. "நான் இங்க நிக்கணும். கணக்கப்பிள்ளை ஆள் கூப்பிடத்தான் போன்ல பேசுறார். அந்த மரத்துல கத்திய வெச்சு ஒரு இழுப்பு இழுத்தாப் போதும், மிச்சப் பாதியும் வெட்டுப்பட்டிரும். அதுக்குப் பொறகு அதுவும் நாப்பதுல ஒண்ணு, வேலை செஞ்சவனப் பாதியில பிடிச்சாங்கன்னு காட்ட ஒண்ணும் இருக்காது."

"நீங்க தனியாவா மிஸ்?"

"தனியா இல்ல" என்றாள் துஷ்யந்தி.

அவள் கத்தியைக் கிருஷ்ணகுமாரியின் கையில் கொடுத்தாள். சட்டைக் கையை இறக்கி விட்டாள். பிறகு பாறையைப் பார்த்து நடந்தாள். உருகின மெழுகுதிரி கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் அவள் கால் நின்றது. ஜெறோம் ஸமீமோடு இறங்காமல் நின்று பார்த்தார். நிற்கிறாள், திரும்பி வரப்போகிறாள் என்று நினைத்தார். அவள் கல்லில் கையை ஊன்றி, அந்த இடத்தைச் சுற்றாமல், அதன் ஓரமாகவே கடந்தாள்.

நாலாவது வரிசையில் அந்த மரத்தைக் கண்டுபிடிக்க அவளுக்கு யாரும் வழி காட்ட வேண்டியிருக்கவில்லை. தொங்கிய சீவலைத் தொடாமல் அதன் கீழே விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு வெட்டின பக்கம் படாமல் மற்றப் பக்கத்தில் முதுகைக் கொடுத்து, மலைப் பாதையைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டாள்.

"நாளைக்கு அந்த நீதவான் ஐயா வாற வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன் மிஸ்" என்றாள், பின்னால் வந்த கிருஷ்ணகுமாரியிடம். "எவன் வாறான்னு பாப்போம்."